தேயிலையின் கொம்பு சரியான இடத்தில் நின்ற நாள்



போன மாதம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உயர்தரம் படிக்கிற தம்பி ஒருவன் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றான். "அண்ணே, என்னோட கேம் கோடோ மூணுல இருக்கு. நாலுக்கு மாத்தவா, இல்ல அப்பிடியே வுட்டுறவா?" என்று கேட்டான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

நான் இருப்பது தெரணியகலை. சீதாவாக்கை ஆற்றுக்கு மேலே, மாலிபொடைப் பக்கம் ஏறுகிற பாதையில் எங்கள் லயன். மேலே தேயிலை, கீழே ரப்பர். இலங்கையில் அதிகம் மழை பெய்கிற இடங்களில் எங்கள் பக்கமும் ஒன்று. அம்மா இருபத்தைந்து வருடமாகப் பால் வெட்டுகிறார். நான் செய்த விளையாட்டும் அவருடைய வேலையைப் பற்றியதுதான். பெயர் "விடியப் பால்".

விளையாட்டு இப்படிப் போகும். விடிவதற்கு முன் ஒரு பிள்ளை வாளியோடு ரப்பர் மலைக்குள் போகிறது. ஒவ்வொரு மரத்திலும் ஓர் எழுத்து. பட்டையைச் சரியான சாய்வில் வெட்டினால் பால் துளித்துளியாகச் சிரட்டையில் விழும், அந்த எழுத்து பிள்ளைக்குக் கிடைக்கும். எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லை முடிக்க வேண்டும். மழை வருவதற்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரம் முழுக்க வழிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கடையில், பஸ்ஸில், டவுனில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் சிங்கள எழுத்தும் ஆங்கில எழுத்தும்தான். தமிழ் எழுத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு வெளியே, அவர்கள் ஆசையாகப் பார்க்கிற ஓர் இடத்தில் காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எழுத்து உடைந்த கதை

2021இல் தொடங்கினேன். அப்போது கோடோ எஞ்சினின் மூன்றாம் பதிப்பு நடந்துகொண்டிருந்தது. கேம் எஞ்சின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: திரையில் உருவத்தை வரைவது, ஓசை எழுப்புவது, விழ வேண்டியதை விழவைப்பது, விரல் பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது ஆகிய பொது வேலைகளை எல்லாம் செய்து தருகிற மென்பொருள் அது. நாம் நம் கதையையும் விதிகளையும் மட்டும் எழுதினால் போதும். கோடோவை உருவாக்கியவர்கள் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர். 2014இல் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசு இல்லை, பதிவு இல்லை, இணையம் இல்லாமலும் ஓடும். சிக்னல் ஒரு பட்டைக்கு மேல் வராத லயனில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் சொல்லாக "தேயிலை" என்று எழுதித் திரையில் போட்டேன். அக்கா மகள் அப்போது இரண்டாம் ஆண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள்: "த... யே... ல..." அதற்கு மேல் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, கொம்பு எடம் மாறி நிக்கிது" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். யுனிகோடில் "தே" என்று எழுதும்போது கணினிக்குள் முதலில் த, பிறகு இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. நாம் சொல்கிற வரிசை அது. திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி தகரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். "லை"யில் ஐகாரக் கொம்பையும் அப்படியே லகரத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். "தோ" என்றால் இன்னும் வேலை: கொம்பு முன்னால், அரவு என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த துணைக்கால் பின்னால். "கு", "ழு" போன்றவற்றில் மெய்யும் உகரமும் சேர்ந்து ஒரே வடிவமாக மாற வேண்டும். இந்த வேலைக்கு எழுத்து வடிவமைப்பு என்று பெயர். கோடோ மூன்றில் அது கிடையாது. சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துவிடும். அதனால் தகரத்தின் கொம்பு யகரத்தின் முன்னால் போய் நின்றது. லகரத்தின் கொம்பு சொல்லின் கடைசியில் தனியாகத் தொங்கியது.

டவுனில் போன் கடை வைத்திருக்கிற சிங்கள நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். சிங்களத்திலும் அந்தக் குறிக்குப் பெயர் கொம்புவ. அதுவும் எழுத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அவருடைய மொழியும் அதே இடத்தில்தான் உடைந்தது.

பிறகு நான் செய்தது இலங்கையில் பலரும் செய்கிற காரியம். பாமினி எழுத்துருவை எடுத்தேன். அச்சகம், பள்ளிக்கூட வினாத்தாள், கல்யாணக் கார்ட் என்று நம் நாட்டில் பாமினி போகாத இடமில்லை. அது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் "தமிழ்" என்று தெரியும். கொம்பை நாமே முதலில் தட்டுவோம். அதனால் எஞ்சினுக்கு எந்த வேலையும் இல்லை. "தேயிலை" அழகாக வந்தது. 340 சொற்களையும் அப்படியே எழுதிவிட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களிலும், கரண்ட் வந்த நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதியது அது.

நாலாம் பதிப்பு வந்தது

2023 மார்ச் 1ஆம் திகதி கோடோ 4.0 வெளியானது. எல்லோரும் அதன் புதிய வரைகலையைப் பற்றிப் பேசினார்கள். நான் பார்த்தது வேறொரு வரி: எழுத்தை வரைகிற பகுதியை முழுக்கத் திருப்பி எழுதி, ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஆண்ட்ராய்டு போனிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழ் சரியாகத் தெரிவதற்குக் காரணமான அதே நூலகம். அதாவது, யுனிகோடில் எழுதினால் கொம்பு தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

அன்றைக்கு ராத்திரியே மாற்ற உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

மூன்றாம் பதிப்பில் செய்ததை நாலாம் பதிப்பில் திறந்தால், முழுத் திட்டத்தையும் மாற்றித் தரவா என்று அது கேட்கும். முதலில் பிரதி எடுத்து வைக்கும்படி அதே இடத்தில் எச்சரிக்கவும் செய்யும். நான் வாசித்தேன், ஆனால் நிற்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே ஃபோல்டரைக் கொடுத்து அழுத்திவிட்டேன். மாற்றி முடிந்தபோது நூற்றுக்கணக்கில் பிழை காட்டும் சிவப்பு வரிகள். சரி, பழையதிலேயே இருப்போம் என்று மூன்றாம் பதிப்பில் திறந்தேன். அது திறக்கவில்லை. காட்சிக் கோப்புகளெல்லாம் புதிய முறையில் எழுதப்பட்டுவிட்டன. திரும்பி வர வழியே இல்லை.

எட்டியாந்தோட்டையில் இருக்கிற நண்பன் ஒருவனுக்கு முன்பு பென் டிரைவில் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். "மச்சான், அது இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. ஆனால் ஐந்து வாரத்துக்கு முந்தையது. அந்த ஐந்து வார வேலை போனது போனதுதான். அன்றைக்கு வந்த சோர்வில் விளையாட்டையே மூடி வைத்துவிட்டேன்.

திரும்ப எடுக்க வைத்தது இன்னொரு விளையாட்டு. அதே வருடம் ஜூலை 31ஆம் திகதி "வெண்பா" வெளியானது. ரொறன்ரோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்புப் புத்தகம், அதிலிருந்து ஒவ்வொரு சமையலாக மீட்டெடுப்பது. அடுத்த வருடம் அது அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. அதன் காணொளியை டவுனில் வைத்துப் பார்த்தேன். தமிழ் எழுத்து ஒரு வீடியோ கேமுக்குள் மதிப்போடு இருப்பதைக் கண்டபோது, என் 340 சொல்லை ஆங்கில எழுத்தின் மேல் ஒட்டிய முகமூடியாகவே வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன்.

இரண்டாம் தடவை

2023 நவம்பர் கடைசியில் 4.2 வந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. கிட் என்ற பதிப்புக் காப்பு முறையை முதலில் கற்றுக்கொண்டேன். அது வேலை செய்ய இணையம் வேண்டியதில்லை, நம் கணினிக்குள்ளேயே ஒவ்வொரு நாள் வேலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். பிறகு பழைய திட்டத்தை மூன்றாம் பதிப்புகளில் கடைசியாக அப்போதிருந்த 3.5க்குக் கொண்டுவந்து, பிழையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பிரதியெடுத்து, பிரதியை மட்டும் மாற்றினேன்.

சிவப்பு வரிகள் இந்த முறையும் வந்தன. ஆனால் அவற்றை வகை பிரித்தால் பயமில்லை என்று புரிந்தது. ஒரு வகை வெறும் பெயர் மாற்றம். ஸ்பிரைட் என்று இருந்தது ஸ்பிரைட்2டி ஆனது. கினமேட்டிக்பாடி2டி என்று இருந்தது கேரக்டர்பாடி2டி ஆனது. இவற்றைப் பெரும்பாலும் மாற்றும் கருவியே தானாகச் செய்துவிட்டது. இன்னொரு வகை வேலை செய்கிற முறையே மாறியது. முன்பு பிள்ளையை நடக்க வைக்க, வேகத்தை அடைப்புக்குறிக்குள் கொடுத்து நகரச் சொல்வோம். இப்போது வேகம் அந்த உருவத்தின் சொந்தச் சொத்து. அதை முதலில் மாற்றிவிட்டு, நகரச் சொல்லும்போது ஒன்றும் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் காத்திருந்து அடுத்ததைச் செய் என்பதற்கு யீல்ட் இருந்த இடத்தில் அவெய்ட் வந்தது. கோப்பைத் திறந்து எழுதுகிற ஃபைல் போய் ஃபைல்அக்சஸ் வந்தது. மெதுவாக அசைத்துக் காட்ட வைத்திருந்த ட்வீன் கணு முழுதாகவே எடுக்கப்பட்டுவிட்டது, நிரலிலேயே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டேன். பால் வெட்டுவதற்கு அம்மா எனக்குச் சொல்லித் தந்த பாடமும் இதுதான். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். பால் நிறைய வரட்டும் என்று ஆழமாக வெட்டினால் கத்தி கட்டையில் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, பிறகு வருடக்கணக்கில் அந்தப் பக்கம் வெட்ட முடியாது. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. பதினேழு நாளில் சிவப்பு வரி பூச்சியமானது.

அன்றைக்கு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கத்தாத பிழைகள்

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னா தம்பி இது, பால் தண்ணி மாதிரி கொட்டுது? பால் இப்பிடி வுழாது" என்றார்.

உண்மைதான். பழையதில் வெட்டிய கோட்டின் ஓரத்தில் துளி திரண்டு, தயங்கி, மெதுவாகச் சிரட்டைக்குள் இறங்கும். இப்போது கல்லைப் போல விழுந்து, பாதித் துளி சிரட்டைக்கு வெளியே தெறித்தது. எந்தச் சிவப்பு வரியும் இல்லை. துளி விழுகிற பகுதியின் நிரலில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு நாள் தேடினேன்.

காரணம் ஒரே ஒரு எண். இருபரிமாண விளையாட்டுக்குக் கோடோ மூன்று வைத்திருந்த இயல்பான ஈர்ப்பு விசை 98. கோடோ நாலில் அது 980. நாம் கையால் மாற்றிய எண்ணைத்தான் எஞ்சின் திட்டக் கோப்பில் எழுதி வைக்கும். இயல்பான எண்ணை எழுதி வைக்காது. நான் அந்த 98ஐத் தொடவே இல்லை. அதனால் அது என் திட்டத்தில் எங்குமே எழுதப்படவில்லை. பதிப்பு மாறியதும் புதிய இயல்பான எண் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து மடங்கு ஈர்ப்பு. நான் 98 என்று கையால் எழுதினேன், பால் பாலாக விழுந்தது.

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பதிப்பு மாற்றும்போது வருகிற பிழைகளில் கத்துகிற பிழை உண்டு, கத்தாத பிழை உண்டு. கத்துகிறதைக் கணினி காட்டித் தரும், பொறுமை இருந்தால் முடித்துவிடலாம். கத்தாத பிழையை அந்த விஷயத்தைத் தெரிந்த மனிதர்தான் கண்டுபிடிக்க முடியும். பால் எப்படி விழும் என்று என் கணினிக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடம் வெட்டிய கைக்குத் தெரியும்.

பாமினியிலிருந்து யுனிகோடுக்கு

அடுத்தது எழுத்து. 340 சொல்லையும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் ஏற்கெனவே உண்டு, பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று சிக்கல் வந்தது. தமிழில் விளையாட்டு, செயலி எது செய்தாலும் உங்களுக்கும் வரும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளியைத் தட்டினால் வருவது "இ". "இலை", "இடி", "இரவு" என்று தொடங்குகிற எல்லாச் சொல்லுக்கும் முதலில் ஒரு காற்புள்ளி இருக்கும். என் சொற்பட்டியலோ காற்புள்ளியால் பத்தி பிரிக்கிற கோப்பு. அதனால் மாற்றும்போது எது பத்தி பிரிக்கிற காற்புள்ளி, எது இகரம் என்று தெரியாமல் வரிகள் குழம்பின. "ஓகே" என்று ஆங்கிலத்தில் வைத்திருந்த பொத்தானும் ஏதோ ஒரு தமிழ்க் குப்பையாக மாறியது. கடைசியில் சொல்லைத் தனியாக, விளக்கத்தைத் தனியாகப் பிரித்து மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் வாசித்துச் சரிபார்த்தேன்.

இரண்டு, எழுத்தை எண்ணுவது. என் விளையாட்டில் ஒரு மரத்துக்கு ஓர் எழுத்து. "கொழுந்து" என்ற சொல்லை எடுங்கள். பாமினியில் அது ஏழு குறி. யுனிகோடில் எட்டு. பிள்ளையைக் கேட்டால் கொ, ழு, ந், து என்று நாலு. கணினி எண்ணுகிறபடி விட்டால் ஒரு மரத்தில் வெறும் புள்ளி தொங்கும், இன்னொரு மரத்தில் வெறும் உகரக் குறி தொங்கும். அதனால் ஒரு சின்ன விதி எழுதினேன். வருவது உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்துவிடு, இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்கு. அவ்வளவுதான். அந்த விதிக்குப் பிறகு எஞ்சினும் பிள்ளையும் ஒரே மாதிரி எண்ணினார்கள்.

மூன்று, பார்க்க ஒன்று, உள்ளே வேறு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினி ஒப்பிட்டால் இரண்டும் வேறு. மாற்றியிலிருந்து வந்த சில சொல்லில் இரண்டு குறி இருந்தது, நான் விசைப்பலகையில் தட்டிய எழுத்தில் ஒரே குறி. பிள்ளை எல்லா எழுத்தையும் சரியாகச் சேர்த்தும் "பிழை" என்று வந்தது. அக்கா மகள் முகம் வாடிப்போய், "நான் சரியாத்தானே மாமா போட்டேன்?" என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் போட்டாள். ஒ, ஓ, ஔ வருகிற எல்லாச் சொல்லையும் ஒரே குறி முறைக்குக் கொண்டுவந்தேன். இதுவும் கத்தாத பிழை. அதைப் பிடித்தது பத்து வயதுகூட ஆகாத பிள்ளை.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்தேன். இலவசம், விளையாட்டோடு சேர்த்துக் கொடுக்கவும் உரிமை உண்டு. பாமினியைவிட வரி உயரம் கூடியதால் பொத்தான்களை எல்லாம் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது.

பழைய போன்கள்

கடைசியாக ஒன்று. எங்கள் லயத்தில் பிள்ளைகள் கையில் இருப்பது அப்பா, அண்ணன் பாவித்து முடித்த போன். கோடோ நாலின் சிறப்பான வரைகலை முறைகளுக்கு வல்கன் என்ற புதிய வசதி வேண்டும். பழைய போனில் அது இருக்காது. என் பழைய லேப்டாப்பிலும் இல்லை. ஆனால் அதிலேயே கம்பாட்டிபிலிட்டி என்ற மூன்றாவது முறை உண்டு. அது ஓபன்ஜிஎல்லில் ஓடும். என்னைப் போல இருபரிமாணத்தில் எளிய விளையாட்டுச் செய்கிறவர்களுக்கு அதுவே போதும், தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

அப்படியும் இரண்டு போனில் நிறுவவே முடியவில்லை. அவை 32 பிட் போன்கள். நான் 64 பிட்டுக்கு மட்டும் ஏற்றுமதி செய்திருந்தேன். ஏற்றுமதி அமைப்பில் 32 பிட்டுக்கான பெட்டியையும் தேர்ந்தெடுத்த பிறகு நிறுவ முடிந்தது. கோப்பு கொஞ்சம் பெருத்தது. அந்த இரண்டு பிள்ளைகளை விட்டுவிடுவதைவிட அது மேல்.

பழைய விளையாட்டில் பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த புள்ளிகளும் ஒரு கவலையாக இருந்தது. எஞ்சினின் சொந்த இரும வடிவத்தில் சேமித்திருந்தால் நாலால் அதை வாசிக்க முடியாது. நல்ல வேளையாக நான் ஜேசன் என்ற சாதாரண உரை வடிவத்தில் வைத்திருந்தேன். ஒரு பிள்ளையின் ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

தம்பிக்கு என் பதில்

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், தம்பி.

உன் விளையாட்டு முடிந்துவிட்டது, நன்றாக ஓடுகிறது, தமிழ் எழுத்து அதில் இல்லை என்றால் மாற்றாதே. மூன்றாம் பதிப்பைக் கைவிட்டுவிடவில்லை. 2024 செப்டம்பரில்கூட 3.6 வெளியிட்டார்கள். புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஓடுகிறதைக் குலைக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் யூனிட்டி எஞ்சின் நிறுவல் கணக்கில் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தபோது பலர் அங்கிருந்து கோடோவுக்கு வந்தார்கள். அவர்கள் நேரே நாலில் தொடங்கினார்கள். இப்போது கிடைக்கிற பாடங்களும் காணொளிகளும் பெரும்பாலும் நாலுக்குத்தான். அவற்றைப் பார்த்து மூன்றில் எழுதினால் ஓடாது, அதை மனதில் வைத்துக்கொள்.

உன் விளையாட்டில் தமிழ் இருக்கிறது என்றால் மாறு. யோசிக்காதே. சரியான எழுத்தை விட நல்ல காரணம் உனக்குக் கிடைக்காது.

மாறும்போது முதலில் பிரதி எடு. இரண்டு இடத்தில் வை, ஒன்று உன் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மூன்றின் கடைசிப் பதிப்புக்கு வந்துவிட்டு மாற்று. இயல்பான எண்கள் எவை உன் விளையாட்டின் உணர்வை முடிவு செய்கின்றனவோ அவற்றைக் கையால் எழுதி வை. பாதுகாக்க வேண்டிய தரவை உரை வடிவத்தில் வை. எழுத்தை யுனிகோடில் எழுது. ஒரு நாளைக்கு ஒரு கோப்பு. சிவப்பு வரி பூச்சியமானால் பாதி வேலை முடிந்தது என்று மட்டும் நினை. மீதிப் பாதிக்கு, நீ யாருக்காகச் செய்தாயோ அவர்கள் கையில் கொடுத்துப் பார். அவர்கள் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் எழுதிக்கொள்.

பாமினியில் எழுதிய பாடங்கள், கதைகள், வினாத்தாள்கள் நம் ஆசிரியர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை வெறும் ஆங்கில எழுத்துகள்தான், பிள்ளைகளுக்குப் பயன்படாது. உங்களிடம் அப்படி இருந்தால் இப்போதே யுனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். காற்புள்ளியையும் ஒகரத்தையும் கவனித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் எதற்காவது கைகொடுக்க வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்து தருகிறேன்.

4.2இல் யுனிகோடு எழுத்தோடு விளையாட்டு முதன்முதலாக ஓடியது 2024 ஜனவரியில், ஒரு போயா நாள் காலையில். முதல் மரம், முதல் சொல். அக்கா மகள் இதற்குள் நாலாம் ஆண்டுக்கு வந்திருந்தாள். திரையைப் பார்த்தாள், நிற்காமல் வாசித்தாள்: "தேயிலை."